எட்டுப் பேர்... நாலு ஊர்... ஒரு குட்டிப் பந்து!

செமஸ்டர் முடிஞ்சாச்சு. 'எங்கேயாவது கிளம்பணும் மாப்ளே!' என்று ஹாஸ்டல் வராண்டாவில் வட்டமேஜை மாநாடு ஆரம்பிச்சிருக்கும். ஒருத்தன் கோவா என்பான், ஒருத்தி மூணாறு என்பாள். கடைசியில் அதே அருவி, அதே குளியல், அதே குரூப் போட்டோ. இந்த வாட்டி ஒரு சேஞ்சுக்கு, கால்ஃப் டூர் போனா என்ன?

என்ன பாஸ், முறைக்கிறீங்க? 'சினிமாவில் வில்லன் வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு, அடியாளிடம் ஆர்டர் கொடுத்தபடியே ஆடுவாரே, அந்த ஆட்டமா?' அதேதான்! கால்ஃப் என்றாலே நம்ம மனசில் கோடீஸ்வர மாமாக்கள்தான். அதில் பாதி உண்மை, பாதி பில்டப். எது உண்மை, எது பில்டப் என்பது நீங்க எந்த ஊருக்குப் போறீங்க என்பதைப் பொறுத்தது. அதைத்தான் இங்கே பிரிச்சு மேயப் போறோம்.

முதல்ல ஆட்டத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. மொத்தம் 18 குழி. ஒவ்வொரு குழியின் வாயும் 108 மில்லிமீட்டர் அகலம். ஊட்டியோ, ஸ்காட்லாந்தோ, அளவு மாறாது. டீ என்று சொல்லப்படும் இடத்தில் தொடங்கி (குடிக்கிற டீ இல்லை!), எத்தனை குறைவான அடியில் பந்தைக் குழிக்குள் தள்ளுறீங்க என்பதுதான் கணக்கு. கடைசியில் பந்தை மெதுவாக உருட்டிவிடுகிற மட்டைக்குப் பேர் பட்டர். பன்னுக்குத் தடவுற ஐட்டம் இல்லை, கிண்டல் பண்ணாதீங்க. நாலு பேர் வரை ஒரே செட்டாகச் சேர்ந்து நடப்பாங்க. 18 குழியும் முடிக்க நாலு மணி நேரம், ஏழெட்டு கிலோமீட்டர் நடை. இதில் பந்தை அடிக்கிற நேரத்தை மட்டும் கூட்டினால் சில நிமிஷம்தான் தேறும். மிச்சமெல்லாம் நடையும் அரட்டையும்தான். ஃப்ரெண்ட்ஸ் கூட்டத்துக்கு இதைவிடத் தோதான ஆட்டம் கிடைக்குமா சொல்லுங்க!

அதைவிடப் பெரிய விஷயம், ஹேண்டிகேப். கிரிக்கெட்டில் உங்க காலேஜ் டீம் ஓப்பனரும் நீங்களும் மோதினால் முடிவு டாஸ் போடும்போதே தெரிஞ்சிடும். கால்ஃபில் அப்படி இல்லை. கத்துக்குட்டிக்கு அதிக சலுகை அடிகள் உண்டு. 2020-ல் வந்த உலகப் பொது முறைப்படி ஒருத்தருக்கு அதிகபட்சம் 54 வரை ஹேண்டிகேப் கிடைக்கும். அதாவது ஒரு குழிக்கு மூணு அடி தள்ளுபடி! நல்லா ஆடுறவனும் நேத்து மட்டையைத் தொட்டவனும் ஒரே மைதானத்தில் நிஜமாகவே போட்டி போடலாம்.

ஸ்டேபிள்ஃபோர்டு என்று இன்னொரு முறை இருக்கு. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற டாக்டர் கண்டுபிடித்தது. இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் 1932-ல் இதை வைத்துப் போட்டி நடத்தினாங்க. ஒவ்வொரு குழிக்கும் தனித்தனிப் பாயின்ட். ஒரு குழியில் சொதப்பினால் அதுக்கு மட்டும் முட்டை. பந்தைப் பாக்கெட்டில் போட்டுக்கிட்டு அடுத்த குழிக்குக் கிளம்பிடலாம். ஒரு பேப்பரில் அரியர் விழுந்ததுக்காக மொத்த செமஸ்டரும் காலியாகாது!

எட்டுப் பேரும் புதுசா? அப்போ ஸ்கிராம்பிள். நாலு பேரும் அடிப்பாங்க, அதில் எந்தப் பந்து நல்ல இடத்தில் கிடக்குதோ, அங்கேயிருந்து நாலு பேரும் மறுபடி அடிப்பாங்க. உங்க பந்து காட்டுக்குள் போனாலும் கவலை இல்லை, எவனாவது ஒருத்தன் காப்பாத்திடுவான். எட்டுப் பேர் போனால் நாலுக்கு நாலு, கச்சிதமான மேட்ச். அதனாலதான் சொல்றேன், ஆறு பேரோ ஒன்பது பேரோ வேண்டாம். நாலு, இல்லைன்னா எட்டு.

சரி, எங்கே போறது? டூர் கம்பெனி புத்தகங்களைப் புரட்டினால் எல்லா ஊரிலும் புல் பச்சை, வானம் நீலம். அதை வைத்து ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. நாம கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு. உங்க எட்டுப் பேரையும், ஹேண்டிகேப் சர்ட்டிஃபிகேட் இல்லாத, யாரோட சிபாரிசும் இல்லாத எட்டுப் பேரையும், எந்த ஊர் வாசலில் நிறுத்தாமல் உள்ளே விடும்?

நீலகிரி, கொடை: பழகின மலை, பழகாத கேட்

ஊட்டிக்குப் பத்து தடவை போயிருப்பீங்க. ஃபிங்கர்போஸ்ட் பக்கம் பஸ் திரும்பும்போது, மேடும் பள்ளமுமாக ஒரு பச்சைப் போர்வை விரிச்ச மாதிரி தெரியுமே, அது ஊட்டி ஜிம்கானா கிளப்பின் 18 குழி மைதானம். குன்னூர் வெலிங்டனில் இன்னொண்ணு, 1873-ல் தொடங்கிய வெலிங்டன் ஜிம்கானா கிளப். ராணுவ ஊர், அதனால் மைதானமும் மிடுக்காக இருக்கும். கொடைக்கானல் கால்ஃப் கிளப் 1895-ல் தொடங்கியது. பில்லர் ராக்ஸ் போகிற வழியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் நீங்களே பார்த்திருப்பீங்க.

இந்த மலைகளில் ஆடுவதில் ஒரு ஜாலி இருக்கு. 7,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்தைத் தடுக்கக் காற்று கம்மி. சென்னையில் 150 மீட்டர் போகிற அடி, ஊட்டியில் பத்து மீட்டர் அளவுக்குக் கூடப் போகும். 'பார்த்தியா, என் ஆர்ம்ஸ் எப்படி!' என்று உங்க ஃப்ரெண்ட் பீத்திக்கிட்டால், ஃபிஸிக்ஸ் டிபார்ட்மென்ட் பொண்ணைக் கூப்பிட்டு விளக்கச் சொல்லுங்க.

கொடையில் காட்டெருமைகள் சர்வசாதாரணமாகப் புல் மேய வந்து நிற்கும். பார்க்க சாது மாதிரி இருக்கும், நம்பிடாதீங்க. ஒரு டன் வரை எடை இருக்கிற ஜீவன் அது. செல்ஃபி எடுக்கக் கிட்டே போகிறவன் உங்க குரூப்பில் ஒருத்தன் இருப்பான், அவனை இப்பவே கவனிச்சு வைங்க. ஆட்ட விதியிலேயே மிருகங்களுக்கு இடம் இருக்கு. கிடக்கிற பந்தை ஒரு குரங்கு தூக்கிட்டு ஓடினால், அபராதம் எதுவும் இல்லாமல் அதே இடத்தில் வேற பந்தை வச்சு ஆடலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற பந்து தற்செயலாக ஒரு மிருகம் மேல் பட்டுத் திரும்பினால்? அது போய் விழுந்த இடத்திலிருந்துதான் ஆடணும். குரங்குக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயம்!

வெள்ளைக்காரர்கள் வெயில் தாங்காமல் மலையேறியபோது, தங்கள் ஊரையே மூட்டை கட்டிக் கொண்டுவந்தாங்க. கால்ஃப் வந்தது. கூடவே செடிகளும் வந்தன. நீலகிரியில் பல இடங்களில் மஞ்சள் பூப்பூக்கிற முள்செடி ஒண்ணு இருக்கே, அதுக்குப் பேர் கார்ஸ். ஸ்காட்லாந்து கால்ஃப் மைதானங்களின் ஓரத்தில் பந்தை விழுங்குகிற அதே செடிதான். அங்கே அது மண்ணின் மைந்தன். இங்கே வந்து, மலையின் சொந்தப் புல்வெளியை விழுங்கிக்கிட்டிருக்கு. சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்துதான் நம்ம ஆறுகளுக்குத் தண்ணீர் பிடிச்சு வைக்கிற பஞ்சு. மஞ்சள் பூ முன்னாடி நின்னு போட்டோ எடுக்கும்போது இதையும் கொஞ்சம் யோசிங்க.

இப்போ கேட் விஷயம். மலை கிளப்புகள் எல்லாமே உறுப்பினர்களுக்கான கிளப்புகள்தான். கட்டணம் கட்டி ஆட வெளியாட்களுக்கு இடம் கொடுக்கிற வழக்கம் இருக்கு. ஆனால் கிளப்புக்கு கிளப் விதி வேற. உறுப்பினர் ஒருத்தரின் அறிமுகம் கேட்கலாம், வேறு கிளப்போடு உள்ள தொடர்பைக் கேட்கலாம், 'முன்னே பின்னே ஆடியிருக்கீங்களா?' என்றும் கேட்கலாம். அதனால் கிளம்புவதற்கு முன்னாடி போன் போட்டு, 'எட்டுப் பேர், எல்லாரும் புதுசு, வார நாள்ல வர்றோம், அனுமதி உண்டா?' என்று மறைக்காமல் கேட்டுடுங்க. வீக் எண்டில் உறுப்பினர்களே வரிசையில் நிற்பாங்க. செவ்வாய், புதன் என்றால் உங்களுக்குக் கொஞ்சம் மவுசு.

டிரெஸ் விஷயத்திலும் உஷார். காலர் வச்ச டி-ஷர்ட், ஷூ கட்டாயம். ஜீன்ஸும் ரவுண்ட் நெக்கும் பெரும்பாலான கிளப்புகளில் ஆகாது. ஹவாய் செருப்போடு போனால் வாசலோடு டாட்டாதான். இன்னொண்ணு, 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. வேன் பிடிக்கிறதா இருந்தால், போகிற சமயத்தில் என்ன விதி என்று பார்த்துக்கிட்டு ஏறுங்க. அரசு பஸ் என்றால் அந்தத் தலைவலியே இல்லை.

பெங்களூரு: ரயில் ஏறினா ரேஞ்சு!

பெங்களூரு கால்ஃப் கிளப் 1876-ல் தொடங்கியது. பிரிட்டனுக்கு வெளியே உள்ள ரொம்பப் பழைய கிளப்புகளில் அதுவும் ஒண்ணு. ஆனால் நம்ம வயசுக்காரங்களுக்கு அந்த ஊர்ப் பேரை ஞாபகப்படுத்துகிறவர் அதிதி அசோக். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவது இடம். மயிரிழையில் பதக்கம் தப்பியது. அன்னைக்குக் காலையில் கால்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத பாட்டிகள்கூட டி.வி முன்னாடி உட்கார்ந்தாங்க. அவர் சின்னப் பொண்ணாகப் பழகியது கர்நாடகா கால்ஃப் அசோசியேஷன் மைதானத்தில்.

இன்னொரு பேரும் தெரிஞ்சுக்கணும். சின்னசாமி முனியப்பா. பெங்களூரில் கேடியாக, அதாவது அடுத்தவங்க மட்டைப் பையைத் தோளில் சுமந்து நடக்கிற வேலையில் இருந்தவர். 2009-ல் இந்தியன் ஓபன் பட்டம் ஜெயித்தார். நீங்க போகிற மைதானத்தில் உங்க பையைச் சுமக்கிறவர், உங்க எட்டுப் பேரையும் சேர்த்து வைத்து ஜெயிக்கிற ஆளாக இருக்கலாம். 'டேய், வாடா, போடா' எல்லாம் வேண்டாம். 'அண்ணே, இந்தக் கிரீன் எந்தப் பக்கம் சாயுது?' என்று கேளுங்க. அவர் சொல்கிற திசையில் உருட்டினால் பந்து குழிக்குள் போகும். கேடிக்கான கூலியும் டிப்ஸும் உங்க பட்ஜெட்டில் முதல் வரியாக இருக்கட்டும், மிச்சம் மீதியில் இல்லை.

பெங்களூரின் நிஜமான லாபம் பயிற்சிதான். டிரைவிங் ரேஞ்ச் என்ற அடிச்சுப் பழகுகிற மைதானங்கள் அங்கே அதிகம். கூடை நிறையப் பந்து வாங்கி, ஒரே இடத்தில் நின்று, கை வலிக்கிற வரை அடிக்கலாம். நந்தி ஹில்ஸ் பக்கம் ரிசார்ட்டோடு சேர்ந்த மைதானங்களும் இருக்கு. ஆனால் அங்கே பில்லைப் பார்த்தால் உங்க ஏ.டி.எம் கார்டு தானாகவே வளைஞ்சிடும். பெங்களூரு பழகிறதுக்கு நல்ல ஊர். டூர் என்ற ஃபீலிங் வராது. அவ்ளோதான்.

இலங்கை: நடுவே ரயில் ஓடும் மைதானம்

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போகிற நேரத்தில் போய், ஆடி முடிச்சே இருப்பீங்க.

ராயல் கொழும்பு கால்ஃப் கிளப் பழைய பெருங்காய டப்பா. 1879-லிருந்து மணக்குது. அங்கே ஒரு விசேஷம், களனிவெளி ரயில் பாதை மைதானத்தின் நடுவிலேயே ஓடுது. ரயில் வந்தால் ஆட்டம் நிற்கும். கண்டிக்குப் பக்கத்தில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் 1999-ல் திறந்த மைதானம் இருக்கு. அழகில் அதை அடிச்சுக்க ஆள் இல்லை என்பது என் கட்சி. தண்ணீரைப் பார்த்து மெய்மறந்தால் பந்தும் தண்ணீரில் மறையும்.

ஆனால் நம்ம எட்டுப் பேர் கூட்டத்துக்கு என் ஓட்டு நுவரெலியாவுக்குத்தான். 6,000 அடிக்கு மேல் உயரம், தேயிலை மலை, குளிர். பாதி ஊட்டி மாதிரியே இருக்கும். 1889-ல் தொடங்கிய கால்ஃப் கிளப் ஊருக்கு நடுவிலேயே இருக்கு. 18 குழி. ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைத் தற்காலிக உறுப்பினராகச் சேர்த்துக்கிட்டு ஆட விடுகிற பழக்கம் அங்கே பல வருஷமாக இருக்கு. சிபாரிசுக்கு மாமா தேட வேண்டாம். மட்டையும் வாடகைக்குக் கிடைக்கும்.

அங்கே தமிழ் பேசிக்கிட்டே சுத்தலாம். நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழர்கள். பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டில் தேயிலை, காப்பித் தோட்ட வேலைக்காக நம்ம ஊர்களிலிருந்து கூட்டிப்போகப்பட்டவர்களின் வம்சம். 1948-ல் சட்டம் போட்டு அவங்களில் லட்சக்கணக்கானவர்களின் குடியுரிமையையே பறிச்சாங்க. அது முழுசாகத் தீர்ந்தது 2003-ல்தான். ஊட்டியில் மைதானம் போட்டதும், இங்கே மைதானம் போட்டதும் ஒரே தோட்ட துரைமார் கூட்டம். மலையைச் செதுக்கியது ஒரே கைகள். டீ குடிச்சு, ஸ்வெட்டர் போட்டு, கால்ஃப் ஆடி முடிச்ச பிறகு லயன் வீடுகள் பக்கமும் ஒரு நடை போயிட்டு வாங்க. வேடிக்கை பார்க்க இல்லை, பேச.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மழை கம்மி. ஏப்ரல் நடுவில் மட்டும் போகாதீங்க. அங்கே அதுதான் சீசன், ரூம் வாடகை ராக்கெட்டில் போகும். இன்னொரு எச்சரிக்கை. 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயல் அந்த மலைநாட்டைப் புரட்டிப் போட்டது. சாலையும் ரயில் பாதையும் நிறைய இடங்களில் சேதம். நானுஓயா ஸ்டேஷன் வரை ரயிலில் போகிற ஆசை இருந்தால், பாதை திறந்திருக்கா என்று விசாரிச்சுட்டுத் திட்டம் போடுங்க.

ஸ்காட்லாந்து: தாய்வீட்டில் ஞாயிற்றுக்கிழமை லீவு

'அங்கே போகக் காசு யார் தர்றது?' என்று கேட்கிறீங்க. கரெக்ட். லீவுக்காக அங்கே பறக்கச் சொல்லலை. ஆனால் உங்க சீனியர்ஸில் எத்தனை பேர் டண்டீ, எடின்பரோ, கிளாஸ்கோ என்று எம்.எஸ்ஸி படிக்கப் போயிருக்காங்க? அடுத்த வருஷம் உங்களில் சிலரும் போவீங்க. அவங்களுக்காக இந்தப் பகுதி.

டண்டீயிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ். கடலோரச் சின்ன ஊர், பெரிய யுனிவர்சிட்டி, உலகத்திலேயே பேர் பெற்ற ஓல்டு கோர்ஸ் மைதானம். கால்ஃப் மேல் அந்த நாட்டுக்கு அவ்வளவு பைத்தியம். பசங்க வில்வித்தை பழகாமல் இதை ஆடுறாங்க என்று 1457-ல் பாராளுமன்றமே தடை போட்டுப் பார்த்தது. எடுபடலை. முதல்ல 22 குழியாக இருந்த மைதானத்தை 1764-ல் 18 ஆக்கினாங்க. உலகம் முழுக்க இன்னைக்கு 18 என்று இருப்பதே அந்த ஊரைப் பார்த்துத்தான். அந்த மைதானத்தில் 14 குழிகள் ஜோடி ஜோடியாக ஒரே கிரீனைப் பங்கு போட்டுக்கும். ஜோடி எண்களைக் கூட்டினால் எப்பவும் 18 வரும். இரண்டும் பதினாறும், மூணும் பதினைஞ்சும்... அப்படி. ரூம் போட்டு யோசிச்சிருப்பாங்களோ!

இங்கேதான் நம்ம கேள்விக்கு ஒரு ஆச்சரியமான பதில். உலகத்தின் தலைசிறந்த மைதானம் எந்தக் கோடீஸ்வரக் கிளப்புக்கும் சொந்தம் இல்லை. அது ஊர்ப் பொது நிலம். 1552-ல் அந்த ஊர் பேராயர் எழுதிக்கொடுத்த சாசனத்தில், ஊர் மக்கள் அந்தக் கடலோர மேட்டில் விளையாடலாம் என்ற உரிமை பதிவாயிருக்கு. இன்னைக்கும் ஓல்டு கோர்ஸில் ஞாயிற்றுக்கிழமை வழக்கமான ஆட்டம் கிடையாது. அன்னைக்கு அது பூங்கா. பிள்ளைங்க ஓடும், நாய்ங்க ஓடும், காதல் ஜோடிகள் உட்காரும். சாம்பியன்கள் வியர்த்து விறுவிறுத்த 18-வது குழிப் பக்கம் நீங்களும் சும்மா நடந்து போகலாம். டிக்கெட் இல்லை.

ஆடணும் என்றால்? ஓல்டு கோர்ஸுக்குக் குலுக்கல் முறை, ஹேண்டிகேப் சர்ட்டிஃபிகேட்டும் வேணும். நமக்கு எட்டாது, விடுங்க. ஆனால் அதே அறக்கட்டளை மொத்தம் ஏழு மைதானங்களை நடத்துது. அதில் பால்கோவ் என்ற ஒன்பது குழி மைதானம் புதுசாகக் கத்துக்கிறவங்களுக்கும் குழந்தைகளுக்குமே போட்டது. நியூ கோர்ஸ் என்று ஒண்ணு இருக்கு, பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. அது திறந்தது 1895-ல்! எல்லாத்தையும்விட எனக்குப் பிடிச்சது, 'ஹிமாலயாஸ்'. ஆமாங்க, இமயமலைதான்! மேடு பள்ளமான ஒரு பெரிய புல்தரை. பட்டர் மட்டும் வச்சு உருட்டி ஆடுறது. 1867-ல் ஆரம்பித்த பெண்கள் சங்கத்தின் இடம். ஒரு காபி குடிக்கிற செலவில் யார் வேணும்னாலும் ஆடலாம். ஆண்கள் மட்டை பிடிச்ச கம்பீரத்தில் திரிஞ்ச காலத்தில், 'தோளுக்கு மேல் மட்டையைத் தூக்கி வீசுறது பெண்ணுக்கு அழகில்லை' என்று ஒதுக்கினதால், அவங்க தனக்கென்று உண்டாக்கிக்கிட்ட மைதானம் அது. அந்த ஊரின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க ஓட்டுப் போட்டது எப்போ தெரியுமா? 2014-ல்!

ஜூன் மாசம் போனால் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம். பார்ட் டைம் வேலை முடிச்சுட்டுக்கூட ஆடலாம். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிடும். காத்து வேற பந்தை மட்டுமில்லை, உங்களையும் தூக்கும்.

அப்போ கிண்டி?

பொது நிலம் என்ற வார்த்தையைப் படிக்கும்போது சென்னைக்காரங்களுக்கு ஒரு இடம் ஞாபகம் வந்திருக்கணும். கிண்டி ரேஸ் கோர்ஸ். குதிரை ஓடுகிற வட்டத்துக்குள்ளேயே ஜிம்கானா கிளப்பின் கால்ஃப் மைதானம். நிலம் அரசாங்கத்தோடது, குத்தகைக்கு விட்டது. 2024 செப்டம்பரில் தமிழக அரசு அந்தக் குத்தகையை ரத்து செய்து சுமார் 160 ஏக்கரை எடுத்துக்கிட்டது. வெள்ளம் வந்தால் தண்ணீர் தேங்க குளம், மக்கள் நடக்கப் பூங்கா என்று திட்டம் போட்டாங்க. வழக்குகளும் கூடவே வந்தன. அதே வருஷம் ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தையும் அரசு கையில் எடுத்தது.

'வேளச்சேரியில் இடுப்பளவு தண்ணியில் நின்னவனுக்குக் குளம்தான் முக்கியம்' என்பான் ஒருத்தன். 'ஊருக்குள்ளே மிச்சமிருந்த பச்சையே அதுதானே' என்பான் இன்னொருத்தன். என்னைக் கேட்டால் குளம் கட்சிதான். ஆனால் அந்தப் புல்தரையின் கேட் ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது எல்லாருக்கும் திறந்திருந்தால், இன்னைக்கு அதுக்காகப் பேச ஊரே நின்னிருக்குமோ என்னவோ. இந்தச் சண்டையை டூர் போகிற ரயிலில் எட்டுப் பேரும் போடுங்க. தூக்கமே வராது.

ஆக, கிளம்பலாமா?

தாய்லாந்து, துபாய் பேக்கேஜ் எல்லாம் இருக்கு. அது அப்பாக்களின் டூர், விட்டுடலாம். நம்ம பாதை வேற. முதல் ஒரு மாசம் எந்த மலையும் ஏற வேண்டாம். சென்னையில் நந்தனம் காஸ்மோ மைதானம், கோவையில் செட்டிபாளையம் கால்ஃப் கிளப், இல்லைன்னா பெங்களூரு ரேஞ்சுகள். வெளியாட்களை எங்கே விடுறாங்க என்று கேட்டு, நாலு ஞாயிற்றுக்கிழமை போய்க் கூடைக்கணக்கில் அடிங்க. பந்தைப் பத்து தடவையில் ஆறு தடவையாவது தொட முடியுதா? அப்போ போன் போடுங்க. பாஸ்போர்ட் இல்லாதவங்க இருந்தால் கொடை, இருந்தால் நுவரெலியா. இரண்டிலும் வார நாள், இரண்டிலும் 18 வேண்டாம், ஒன்பது குழி போதும். நாலுக்கு நாலு ஸ்கிராம்பிள், தோத்த டீம் டின்னர்.

செலவுக் கணக்கு எழுதும்போது மைதானக் கட்டணம், கேடி கூலி, மட்டை வாடகை மூணையும் தனித்தனியாக எழுதுங்க. பல இடங்களில் ஒரே பையை ரெண்டு பேர் பங்கு போட விட மாட்டாங்க, அதையும் முன்னாடியே கேட்டுக்கங்க. பந்து புதுசாக வாங்காதீங்க. குளத்திலிருந்து எடுத்துக் கழுவி விக்கிற பழைய பந்து மலிவாகக் கிடைக்கும். ஆளுக்கு ஒரு டஜன். சிரிக்காதீங்க, முதல் நாளில் பத்து காணாமல் போயிடும். தொலைஞ்ச பந்தைத் தேட விதிப்படி மூணு நிமிஷம்தான். அதுக்கு மேல் தேடினால் பின்னாடி வருகிற பெரிசுங்க தொண்டையைச் செருமுவாங்க.

அப்புறம் ஒண்ணு. உங்க பந்து யார் தலையை நோக்கியாவது பறந்தால், வெட்கப்படாமல் முழுத் தொண்டையில் 'ஃபோர்!' என்று கத்தணும். உலகம் முழுக்க அதுதான் சிக்னல். பதட்டத்தில் 'டேய் குனிடா!' என்று வந்தாலும் பரவாயில்லை. நுவரெலியாவில் அதுவும் புரியும்.